உயிரோடு இருப்பவரின் போட்டோ

செத்துப்போன அப்பாவின் போட்டோவுக்கு முகம் கிடைக்காததால் அன்று காலை படப்பிடிப்பு நின்றுபோயிருந்தது.

மற்றதெல்லாம் தயாராக இருந்தது. மலையடிவாரத்துக் கிராமத்தில் பழைய வீடு ஒன்றைப் பிடித்து, கூடத்தில் வெள்ளைத் துணி கட்டி, மேசைமேல் ஊதுபத்திக் கிண்ணமும் ஆப்பிளும் ஆவியில் வெந்த ரொட்டியும் வைத்தாயிற்று. மூத்த மகனாக நடிப்பவர் துக்க உடையான சணல் அங்கி போட்டு, தலையில் வெள்ளைத் துணி கட்டி, மண்டியிடும்போது வலிக்காமலிருக்க முட்டியில் பஞ்சு சுற்றிக்கொண்டிருந்தார். மேசை நடுவில் கறுப்புச் சட்டம் மட்டும் வெறுமையாக நின்றது.

போட்டோவுக்கு ஒத்துக்கொண்டிருந்தவர் ஷாவ் என்ற வயதான நடிகர். விடிந்ததும் டைரக்டருக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

"நியே தம்பி, மன்னிச்சிருப்பா. எங்கம்மா காதுக்கு விஷயம் போயிருச்சு. 'நான் உசுரோட குத்துக்கல்லாட்டம் இருக்கேன், நீ எனக்கு முன்னாடி போட்டோவுல ஏறி உக்காரப் போறியாடா'ன்னு காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்க மாட்டேங்கறாங்க."

"உங்களுக்கே எழுபது ஆகப்போகுது சார்."

"அம்மாவுக்குத் தொண்ணூறுக்கு மேல ஆகுதே. நான் என்ன பண்ணட்டும்?"

டைரக்டர் நியே போனை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா பேச்சைக் கேக்குற மனுசனை நான் எப்படித் திட்டறது? நம்ம படமே அதைப் பத்தித்தானே!"

படத்தின் கதை அதுதான். தெற்கே தொழிற்சாலை வேலைக்குப் போன மூத்த மகன், அப்பா படுக்கையில் கிடந்தபோது வரவில்லை. செத்த பிறகு வருகிறான். போட்டோ முன்னால் மண்டியிட்டு, அதுவரை சொல்லாததையெல்லாம் சொல்லி அழுகிறான்.

யூனிட்டில் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார்கள். "எங்கப்பா நல்லா இருக்காரு, ஆளை விடுங்க" என்றான் லைட்மேன். மேக்கப் போடும் அம்மாளின் அப்பா உண்மையிலேயே போய்ச் சேர்ந்தவர். "அவரை இன்னொரு வாட்டி சாகடிக்கணுமா?" என்று அந்த அம்மாள் சீறினாள். நெட்டிலிருந்து யாராவது ஒரு கிழவரின் முகத்தை எடுத்துக்கொள்ளலாமே என்று ஒருவன் சொன்னதற்கு டைரக்டர் பதறிவிட்டார். வேறொரு கம்பெனி அப்படிச் செய்யப்போய், போட்டோவில் இருந்தவரின் பிள்ளைகள் வேன் பிடித்து வந்து கேமராமேன் மண்டையை உடைத்த கதை அவருக்குத் தெரியும். "சம்மதம் இல்லாம ஒரு மூஞ்சியும் என் செட்டுக்குள்ள வரக்கூடாது" என்றார்.

செட் சாமான்களுக்குப் பொறுப்பு பெய்லின். முப்பதை எட்டப்போகிறவள். பல வருஷம் உதவியாளாகவே ஓடியவளிடம், இந்தப் படம் ஒழுங்காக முடிந்தால் அடுத்த படத்தில் ஆர்ட் டிபார்ட்மென்ட் முழுவதும் அவள் கையில் என்று டைரக்டர் சொல்லியிருந்தார். போட்டோ இல்லாமல் ஒரு நாள் வீணானால் பழி அவள் தலையில்தான் விழும்.

அவள் போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தாண்டுக்கு ஊருக்குப் போனபோது எடுத்த போட்டோ ஒன்று வந்தது. அப்பா வீட்டு வாசலில் நிற்கிறார். இரண்டு பக்கமும் சிவப்புக் காகித வாழ்த்து. சட்டையில் ஒட்டிய மாவைத் தட்டிவிட வந்த அம்மாவின் கை அப்பாவின் தோளில் கிடக்கிறது. அப்பா சிரிக்கவில்லை. அவர் எந்தப் போட்டோவிலும் சிரித்ததில்லை.

பின்னால் நின்ற டைரக்டர் குனிந்து பார்த்தார். "இது யாரும்மா?"

"எங்கப்பா, சார்."

"அடேயப்பா. இதுதான்மா அப்பா! இந்த மூஞ்சிக்கு முன்னாடி எவன் நின்னாலும் தானா கையைக் கட்டிக்குவான்." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், "கேட்டுப் பாரேன். வற்புறுத்தாதே. அவரு வாயால சரின்னாத்தான்" என்றார்.

பெய்லின் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் போனாள். அப்பாவின் எண்ணை எடுத்தாள். அவர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்பார், அவ்வளவுதான். காரணம் சொல்ல மாட்டார், கோபப்படவும் மாட்டார். அவர் வேண்டாம் என்றபின் அந்தப் போட்டோவை அவளால் தொட முடியாது. கேட்காதவரை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எண்ணை அழுத்தாமலே போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். வண்டி டிரைவர் சிகரெட்டோடு பக்கத்தில் வந்தான். "சரிப்பா. வைக்கிறேன்ப்பா" என்று சொல்லிவிட்டு போனை இறக்கினாள்.

"சரின்னுட்டாரு" என்றாள் டைரக்டரிடம்.

சிவப்புக் காகிதங்களை அழித்துப் பின்னணியைச் சாம்பல் நிறமாக்கினாள். அம்மாவின் கையை அழித்தாள். கை இருந்த இடத்தில் மறு தோளின் துணியை எடுத்து ஒட்டினாள். சின்ன ஊர்க் கடையில் பெரிதாகப் பிரிண்ட் போடக் கொடுத்தபோது, கடைக்காரர் கறுப்பு வெள்ளையில் அப்பாவைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "மனசைத் தேத்திக்கம்மா" என்றார். சட்டத்தின் மேல் கட்டக் கறுப்பு நாடாவைச் சும்மாவே கொடுத்தார். பெய்லின் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.

உயிரோடு இருப்பவரின் முகம் என்பதால், அவருக்குக் கெடுதல் வராமலிருக்கச் செட்டில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். சட்டத்துக்குப் பின்னால் சிவப்புக் காகிதம் ஒட்டினார்கள். ஷாட்டுக்கு ஷாட் நடுவில் முகத்தைச் சிவப்புத் துணியால் மூடிவைத்தார்கள். எல்லாம் முடிந்ததும் டைரக்டர் பணம் வைத்த சிவப்பு உறை ஒன்றைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். சாவு வேஷம் கட்டுகிறவருக்குத் தோஷம் கழிய அதைக் கொடுத்தாக வேண்டும்.

"அப்பாகிட்ட ரெண்டு கையாலயும் குடு. நீண்ட ஆயுசோட இருக்கணும்னு நான் சொன்னேன்னு சொல்லு."

அந்த உறை அவள் கைப்பையின் உள்ஜிப்புக்குள் போனது. அதைக் கொடுத்தால் எதற்கென்று சொல்ல வேண்டும். அதனால் அது அங்கேயே தங்கிவிட்டது.

அடுத்த வசந்தத்தில், முன்னோர் கல்லறைகளைத் துடைக்கும் பண்டிகை நெருங்கும்போது, படம் வெளிவந்தது. அந்த வாரம் சொந்த ஊரான லின்யியிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"உன் படம் நம்ம ஊருக்கே வருதுடி! பெத்தவங்களை மதிக்கச் சொல்ற படமாம். ரிட்டயர் ஆனவங்க சங்கத்துல எல்லாருக்கும் டிக்கெட் குடுத்திருக்காங்க. உங்கப்பா முடியெல்லாம் வெட்டிக்கிட்டு வந்துட்டாரு."

"அப்பா சினிமாவுக்குப் போறதே இல்லையே."

"கடைசியில உன் பேரு ஓடுமாமே. அதைப் பாக்கணுமாம்."

பெய்லின் மறுநாளே ரயிலேறினாள். முடிந்த படத்தை அவள் பார்த்திருந்தாள். போட்டோ எங்காவது மூலையில் மங்கலாகத் தெரிந்துவிட்டுப் போகும் என்றுதான் அவள் முதலில் நம்பியது. டைரக்டருக்கு அந்த முகம் பிடித்துப்போய்விட்டது. மகன் அழும்போதெல்லாம் திரை முழுவதும் அப்பா நிறைந்திருந்தார்.

அவளுடைய அப்பா லுவோ தெகுவாங், லின்யியின் மொத்த வியாபாரச் சந்தைகளில் தராசு சோதிக்கும் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவின் சொந்த அண்ணன் வைத்திருந்த மளிகைக் கடையில் தராசு எடை குறைந்தபோது, அவருக்கும் அபராதம் போட்டவர். அந்த மாமா அதற்குப் பிறகு புத்தாண்டுக்குக்கூட வாசற்படி ஏறவில்லை. அப்பா அதைப் பற்றி நல்லதும் பேசவில்லை, கெட்டதும் பேசவில்லை. தராசு குறைவாகக் காட்டியது, எழுதினேன் என்பதோடு சரி. சந்தையில் சண்டை வந்தால் இரண்டு பக்கமும் "லுவோ சொல்லட்டும்" என்பார்கள். மகள் அரசு வேலைப் பரீட்சை எழுத வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதுண்டு. அவள் சினிமாவுக்குப் போனதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். போன் செய்தால் "சாப்பிட்டியா?" என்பார். சாப்பிட்டேன் என்றால் அம்மாவிடம் கொடுத்துவிடுவார்.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா நல்ல கோட்டை மேசையில் விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா. சாப்பிட்டியா?"

"ரயில்ல சாப்பிட்டேன்ப்பா." கைப்பையை இறக்காமலே நின்றாள். "அப்பா, அந்தப் படம் ரொம்ப மெதுவா போகும். ஒரே அழுகை. உங்களுக்கு இடுப்பு வலி வேற."

"சீட்டு மெத்தைதானே."

"சத்தம் அதிகமா இருக்கும்."

"எனக்குக் காது மந்தம்தான்." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "ஏன், உன் வேலை அதுல நல்லா இல்லையா?"

அவள் வாயைத் திறந்தாள். அப்போது பார்த்துப் பக்கத்து வீட்டு தோங், செருப்பைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தார். சந்தையில் மூட்டை இறக்கும் குழுவுக்குத் தலைவராக இருந்தவர், அப்பாவுக்குச் சதுரங்கக் கூட்டாளி. அவர் பேச ஆரம்பித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

"யாரு, நம்ம சினிமாக்காரியா! ஏம்மா, உங்கப்பன் நாலு நாளா சதுரங்கத்துல கவனமே இல்ல தெரியுமா? குதிரையை யானை மாதிரி நகர்த்துறான். பொண்ணு படம், பொண்ணு படம்னு…"

"நான் எப்பய்யா சொன்னேன்?" என்றார் அப்பா.

"வாயால சொன்னியா? மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கே. கிளம்புங்க, முன்வரிசை போயிரும்."

அம்மா சூடான தண்ணீர்க் குடுவையை எடுத்துக்கொண்டாள். தெருவில் இறங்கியதும் சங்கத்துக்காரர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். பெய்லின் அப்பாவின் பக்கத்தில் இரண்டு தடவை போய் நடந்தாள். இரண்டு தடவையும் தோங் நடுவில் வந்து தலையை நீட்டினார்.

பிற்பகல் காட்சி. கொட்டகை முழுக்க நரைத்த தலைகள். குடுவை மூடி திறக்கும் சத்தம், சூரியகாந்தி விதை கொறிக்கும் சத்தம். அப்பா கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் தோங். பெய்லின் அம்மாவுக்கு அடுத்து.

படத்தில் அப்பா உயிரோடு இருக்கும் காட்சியே கிடையாது. மகன் பெட்டியோடு பேருந்திலிருந்து இறங்குகிறான், ஓடுகிறான், வாசலில் வெள்ளைத் துணியைப் பார்த்து நிற்கிறான். கூடத்துக்குள் வந்து தொப்பென்று மண்டியிடுகிறான். "அப்பா!" என்கிறான்.

திரையில் லுவோ தெகுவாங் வந்தார்.

விதை கொறிக்கும் சத்தம் நின்றது. பின்வரிசையில் ஒரு அம்மாள், "த்தூ, த்தூ, த்தூ! கெட்டதெல்லாம் காத்தோட போகட்டும்" என்று துப்பினாள். தோங் எழுந்தே நின்றுவிட்டார்.

"யோவ் லுவோ! அது நீதானய்யா! உன்னை வெச்சு ஊதுபத்தி கொளுத்திக்கிட்டிருக்காங்கய்யா!"

"உக்காரு. பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது" என்றார் அப்பா.

அம்மா திரும்பிப் பெய்லினைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். போட்டோவில் அப்பாவின் தோளைத்தான் தேடுகிறாள் என்று பெய்லினுக்குப் புரிந்தது. ரொம்ப நேரம் கழித்து அம்மா அவள் காதருகே குனிந்தாள்.

"என் கை எங்கடி?"

பெய்லின் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். மகன் போட்டோவிடம் பேசிக்கொண்டே இருந்தான். சின்ன வயதில் அப்பா சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டதை, தொழிற்சாலையில் விரல் நசுங்கியதை வீட்டில் மறைத்ததை, அப்பாவின் குரலைப் போனில் கேட்டால் ஊருக்குத் திரும்பிவிடுவோமோ என்று பயந்து சீக்கிரம் வைத்ததை எல்லாம் சொன்னான். அவன் ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் கறுப்புச் சட்டத்துக்குள்ளிருந்து அப்பா சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாற்காலி தள்ளி, பொத்தான் போட்ட கோட்டோடு, அதே முகம் சிரிக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் பெயர்கள் ஓடியபோது யாரும் எழுந்து போகவில்லை. அவள் பெயரும் வந்து போனது. அப்பா அதைப் பார்த்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. விளக்குப் போட்டதும் சங்கமே அவர்களைச் சூழ்ந்துகொண்டது.

"கேக்குறேன்னு தப்பா நெனைக்காத, லுவோ" என்று தோங் ஆரம்பித்தார். ஆனால் அவர் முறைத்ததென்னவோ பெய்லினைத்தான். "உசுரோட இருக்கற அப்பனைச் சாவு மேசையில ஏத்திட்டு, அதுக்குப் பேரு பெத்தவங்களை மதிக்கிற படமா? இந்தப் படத்துல அந்தப் பையனைவிடப் பெரிய குத்தவாளி இங்க நிக்குதே! ஏம்மா, உனக்கு வேற கிழவனே கெடைக்கலியா?"

பெய்லின் ஒரு அடி முன்னால் வந்தாள். "தோங் மாமா, அது…"

"நான்தான் குடுத்தேன்" என்றார் அப்பா.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"என்னது?"

"போட்டோவை நான்தான் குடுத்தேன். படம் எடுக்கறப்ப போன் பண்ணிக் கேட்டா. போட்டுக்கன்னு சொன்னேன்."

"நிஜமாவா?"

"ம்."

"சிவப்பு உறை? அது குடுத்தாங்களா?"

"வாங்கிட்டேன்."

தோங்கின் முகம் உடனே மாறிவிட்டது. லுவோ தெகுவாங் சொன்ன பிறகு அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. சொந்த மச்சானுக்கே அபராதம் போட்ட மனுஷன். "அதானே பார்த்தேன்!" என்று அவர் அப்பாவின் முதுகில் ஒரு அறை விட்டார். "சம்மதத்தோட, உறையும் வாங்கியாச்சுன்னா ஆயுசு கூடும்னுதான் சொல்வாங்க. கமுக்கமா இருந்துட்டியேய்யா! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் என் போட்டோவைக் குடுத்திருப்பேனே."

"உங்க மூஞ்சியைப் பார்த்தா அந்தப் பையனுக்கு அழுகை வருமா? சிரிச்சுத் தொலைச்சிருப்பான்" என்றாள் பின்வரிசை அம்மாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

பெய்லின் மட்டும் அப்பாவின் காதுகளைப் பார்த்தாள். முடி வெட்டிய தலையில் அவை இரண்டும் நன்றாகத் தெரிந்தன. மிளகாய்ப்பழம்போல் சிவந்திருந்தன.

வீடு வரை அப்பா முன்னால் நடந்தார். தோங்கின் பேச்சுக்கு ம் கொட்டினார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் கோட்டைக் கழற்றி மாட்டினார். உட்கார்ந்தார்.

பெய்லின் அவர் முன்னால் போய் மண்டியிட்டாள்.

"எழுந்திரு" என்றார் அப்பா. "அதெல்லாம் செத்ததுக்கப்புறம். நான் இன்னும் இருக்கேன்."

"அப்பா, நான் போன் பண்ணவே…"

"தெரியும். போன் வந்திருந்தா எனக்குத் தெரியாதா?" சமையலறைப் பக்கம் திரும்பினார். "கொஞ்சம் நூடுல்ஸ் போடு. ஆயுசு நீளணும்னு பிறந்தநாளுக்குப் போடுவியே, அந்த நீளமானது."

அம்மா ஒன்றும் கேட்காமல் பானையைத் தேடினாள். பானை வழக்கத்தைவிடச் சத்தமாக அடுப்பில் உட்கார்ந்தது.

அப்பா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கு சங்கத்து ஆளுங்க எல்லார் முன்னாடியும் ரெண்டு பொய் சொல்லிட்டேன். அவங்களும் நம்பிட்டாங்க. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"நான் தோங் மாமாகிட்டப் போய் உண்மையைச் சொல்லிர்றேன்ப்பா."

"வேண்டாம். பெத்த பொண்ணை நாலு பேர் நடுவுல நிக்க வெச்சு விசாரிக்கிறதைப் பார்த்துக்கிட்டு இருக்க என்னால முடியாது." கொஞ்சம் பொறுத்து, "உறைன்னு ஒண்ணு உண்டாமே. அது உண்மையிலேயே குடுத்தாங்களா?" என்றார்.

பெய்லின் கைப்பையைத் திறந்தாள். உள்ஜிப்பிலிருந்து உறையை எடுத்தாள். ஒரு வருஷம் உள்ளேயே கிடந்ததில் ஓரம் மடங்கியிருந்தது. அதை உள்ளங்கையில் வைத்து நீவிவிட்டு இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

"டைரக்டர் குடுத்தாரு. நீண்ட ஆயுசோட இருக்கணும்னு சொல்லச் சொன்னாரு."

அப்பாவும் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். பிரிக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

"சரி. உறையை வாங்கிட்டேன். அது பொய்யில்லைன்னு ஆயிருச்சு." தன் போனை எடுத்து மேசைமேல் வைத்தார். "இன்னொண்ணு இருக்கு. நீ உள்ளறைக்குப் போ. கதவைச் சாத்திக்க. போன் பண்ணு."

"யாருக்குப்பா?"

"எனக்குத்தான்."

அவள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அன்று ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் அழுத்தாத எண்ணை அழுத்தினாள். கதவுக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. அப்பா உடனே எடுக்கவில்லை. அடிக்கட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டார்.

"ஹலோ. சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லப்பா. அம்மா நூடுல்ஸ் போடறாங்க."

"என்ன விஷயம்?"

"ஒரு படம் எடுக்கறோம். அதுல… செத்துப்போன ஒரு அப்பாவோட போட்டோ வேணும். உங்க போட்டோவை வெச்சுக்கட்டுமாப்பா?"

நாற்காலி கிரீச்சிட்டது போனிலும் கதவு வழியாகவும் கேட்டது.

"கதை என்ன?"

"ஒரு மகன். அப்பா இருக்கறப்ப அவர்கிட்ட எதையுமே சொல்ல மாட்டான். போனதுக்கப்புறம் போட்டோ முன்னாடி உக்காந்து எல்லாத்தையும் சொல்லுவான்."

"முட்டாப் பய" என்றார் அப்பா.

பெய்லின் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவர் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தாள். சொன்னால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எங்கிட்டக் கேட்டிருந்தா, வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார்.

"தெரியும்ப்பா."

"ஆனா அந்தப் பையன் சொன்னதை உக்காந்து கேட்டேன். யாராவது ஒரு அப்பன் உக்காந்து கேக்கத்தானே வேணும்." பெருமூச்சு விட்டார். "சரி. வெச்சுக்க."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் உயர்ந்தது. "கையை வெட்டக்கூடாதுன்னு சொல்லுங்க!"

"கேட்டுச்சா? உங்கம்மா ஏதோ சொல்றா."

"கேட்டுச்சுப்பா."

"அப்புறம்… அவன் மாதிரி சீக்கிரம் சீக்கிரம் போனை வைக்காதே. நானும் உடனே அம்மாகிட்டக் குடுக்க மாட்டேன்."

"சரிப்பா."

அவள் கதவைத் திறந்தபோது அப்பா இன்னும் போனைக் காதில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்தபிறகும் இறக்கவில்லை. அவள் இன்னும் வைக்காததால் அவரும் வைக்காமலிருந்தார்.

அம்மா ஆவி பறக்கும் கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்தாள். "ரெண்டு பேரும் போனைக் கீழ வைங்க. குழைஞ்சுபோச்சு பாரு" என்றாள். "உறிஞ்சித்தான் சாப்பிடணும். நடுவுல யாரும் கடிக்கக் கூடாது."